அம்மாச்சிகள் காக்கும் கணவாய்

குமுளியில் மாநிலம் மாற ஒரு நிமிடம் போதும். தமிழ்நாட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தடுப்புக் கட்டையைக் கடந்து நாலு எட்டு வைத்தால் கேரளம். நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் தேங்காயெண்ணெய் வாசம் முதலில் வரவேற்கும். டீக்கடையில் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். சிரமப்பட்டு மலையாளத்தில் கேட்டால் தமிழில் வரும். சுற்றுலாப் பயணிகளுக்கு இது தேக்கடியின் வாசல். ஒரு படகுச் சவாரி, தூரத்தில் தெரியும் யானைக் கூட்டம், திரும்பும் வழியில் கால் கிலோ ஏலக்காய். அவர்களது குமுளி அத்துடன் முடிந்துவிடுகிறது.

அவர்கள் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருக்கும் வேளையில்தான் இன்னொரு குமுளி கடந்து போகிறது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து இருட்டோடு புறப்படும் ஜீப்புகள், லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டி, ஆறேழு கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறுகின்றன. குழாய்களில் இறங்குவது முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர். 1895 முதல் அது கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறது. எதிர்த்திசையில் ஏறுவது உழைப்பு. ஜீப்புக்குள் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. போவது ஏலத்தோட்டத்துக்கு. குமுளியைத் தவிர கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று இன்னும் இரண்டு வாசல்களிலும் இதே காட்சிதான்.

ஜீப்பில் ஒன்று மட்டும் இருக்காது: குழந்தை. அம்மாக்கள் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். வீட்டில் நிச்சயம் பால்குடி மறந்த ஒன்றும், பள்ளிக்கூடம் போகும் ஒன்றும் இருக்கும். அவை கீழே, பள்ளத்தாக்கில், இன்னும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் அம்மாச்சி படுத்திருக்கிறாள், அல்லது அப்பத்தா. ஏலக்காய்க்கு நிழல் வேண்டும், மழை வேண்டும், கை வேண்டும் என்று விவசாயப் புத்தகங்கள் சொல்லும். கீழே ஒரு பாட்டி வேண்டும் என்பதை அவை எழுதுவதில்லை.

குழந்தையை மேலே கொண்டுபோனால் என்ன? அந்தக் காலத்தில் கொண்டுபோனவர்கள் உண்டு. மரக்கிளையில் சேலையைத் தூளியாகக் கட்டி, காய் எடுக்கும் இடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். ஆனால் ஏலக்காட்டில் அட்டை உண்டு, பாம்பு உண்டு. இப்போது அவற்றைவிடப் பெரிய பயம் மருந்து. இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாக அடிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. மருந்து அடிக்கும் காட்டில் கைக்குழந்தையைப் படுக்க வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. தவிர, ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில் தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. குனிந்தும் குந்தியும் பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு செய்யக்கூடிய வேலையல்ல.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பரோடு ஏலத்தையும் சேர்த்துக்கொண்டது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலாளி காப்பகம் நடத்தியாக வேண்டும் என்றது. பிற்பாடு திருத்தி, பெண்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலே போதும் என்றது. 2020இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் லயங்களில் குடியிருந்தவர்களுக்கு இது ஓரளவு பயன்பட்டது. ஆயா, தொட்டில், பால் என்று ஒரு கொட்டகை இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே தோட்டங்கள் சில மூடப்பட்டபோது கொட்டகைகளும் மூடின. ஏலத்தில் கதை வேறு. இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று என்று ஜீப்பில் வந்து போகும் கூலிக்கும், சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் நடுவில் காப்பகம் எங்கே முளைக்கும்? அம்மாச்சிதான் காப்பகம்.

அந்த அம்மாச்சியும் ஒரு காலத்தில் இதே ஜீப்பில் போனவள்தான். முழங்கால் மலையேற மறுத்த வருடமும் மகளுக்குப் பிள்ளை பிறந்த வருடமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும். அதை ஓய்வு என்று சொல்ல முடியாது. வேலை இடம் மாறியது, கூலி நின்றது. மகள் போனதும் பிள்ளையை எழுப்புவது, குளிப்பாட்டுவது, சின்னதைப் பால்வாடியில் விடுவது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது எல்லாம் அவள் பொறுப்பு. தாத்தாக்களும் பங்கேற்கிறார்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடுவார்கள், ரேஷன் கடையில் இடம் பிடிப்பார்கள், மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொள்வார்கள்.

சமீபத்தில் அவள் சுமை ஒரு விஷயத்தில் குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மதியச் சத்துணவு 1982இலேயே வந்துவிட்டது. காலை உப்புமாவும் கிச்சடியும் நகரத்தில் எவ்வளவு தேவையோ தெரியாது. தாய் கருக்கலில் மலையேறும் கூடலூருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பள்ளிக்கூடம் மாலை நாலு மணியோடு முடிந்துவிடும். ஜீப் இறங்க இருட்டிவிடும். இந்த இடைப்பட்ட நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை.

அதுவும் கார்த்திகை, மார்கழியில் கேட்கவே வேண்டாம். ஏலக்காய் அறுவடையும் சபரிமலை சீசனும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்கப்படும். மலைப்பாதை முழுக்கச் சரண கோஷம். ஜீப்புகள் நெரிசலில் நின்று நின்று வரும். கீழே வீட்டு வாசலில் பிள்ளை, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டுக் கேட்டு அம்மாச்சி மடியிலேயே தூங்கிப்போகும்.

ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த உச்சத்தில் வியாபாரிக்கும் முதலாளிக்கும் பங்கு இருந்தது, காய் எடுத்தவளுக்குக் கொஞ்சம் இருந்தது. பிள்ளை பார்த்தவளுக்கு எதுவும் இல்லை. பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலைதான் என்று அரசாங்கமே ஒருமுறை எழுதியிருக்கிறது என்பது வேடிக்கை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி, அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. பேரனை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தால் அது பாசம். கண்மாய்க்கரையில் பார்த்தால் வேலை.

எல்லை திறந்திருக்கும்வரை இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. மூடினால்தான் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது குமுளி வாரக்கணக்கில் அடைபட்டது. மேலே தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு மக்கள் பல்லாயிரக்கணக்கில் லோயர் கேம்ப்பை நோக்கித் திரண்டார்கள். அணையின் நீர்மட்டம், நில அதிர்வு, நீதிமன்றத் தீர்ப்பு என்று டெல்லிவரை பேசப்பட்டது. கூடலூர் வீடுகளில் கவலை வேறு மாதிரி இருந்தது. மேலே தங்கி வேலை செய்த மகள் எந்தப் பாதையில் இறங்குகிறாள்? பிள்ளையிடம் என்ன சொல்வது? அணையைப் பற்றி எடுத்துச் சொல்லலாம். மூன்று வயதுக்குப் புரியாது.

2020 மார்ச்சில் மறுபடியும் மூடியது. இம்முறை விரோதம் இல்லை, வைரஸ். கேரளத்துக்குள் நுழைய அம்மாநிலத்தின் 'கோவிட் ஜாக்ரதா' இணையதளத்தில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டியிருந்தது. தினமும் போய் வருவது நின்றது. போனால் தங்க வேண்டும். தங்கினால் பிள்ளையைப் பார்க்க முடியாது. காய் பழுத்து உதிர்ந்தது ஒரு நஷ்டம். போன் திரையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு அம்மாச்சிகள் சோறூட்டிய மாதங்கள் எந்த நஷ்டக் கணக்கிலும் வரவில்லை.

குமுளி பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பாட்டியையும் பார்க்கலாம். கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கத்து மலையாளக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைச் சட்டையும் முண்டும், கழுத்தில் சிலுவை. அவரையும் பேரப்பிள்ளைகள் ஏறக்குறைய அதே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்: அம்மச்சி. கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து மலையேறிக் காடு திருத்தியவர்களின் வாரிசு. மகள் நர்ஸ், அயர்லாந்திலோ பிரிட்டனிலோ இருக்கிறாள். அங்கே பிள்ளை பார்க்க ஆள் வைத்தால் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே அம்மச்சிக்கு விசிட்டர் விசா. பிரிட்டனில் ஒருமுறைக்கு வழக்கமாக ஆறு மாதம்வரை தங்கலாம். இந்த ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், அடுத்த ஆறு மாதம் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த விசா. பேரனுக்குச் சோறூட்டுவது வேலையென்று சொன்னால் அம்மச்சியே சிரித்துவிடுவார்.

கூடலூர் அம்மாச்சிக்கும் இவருக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் இரண்டு குடும்பங்களின் சம்பாத்தியமும் ஒரே தூணில் நிற்கிறது. 2011 டிசம்பரில், குமுளியில் கட்டை விழுந்த அதே மாதம், கனடா பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் 'சூப்பர் விசா' என்ற ஒன்றைத் திறந்தது. ஒரே தடவையில் இரண்டு வருடம் தங்கலாம் என்றது. 2022இல் அதை ஐந்து வருடமாக்கியது. பணக்கார நாடுகளுக்குப் பாட்டியின் மதிப்பு தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரியும் நடந்துகொள்கின்றன. 2024 மார்ச் 11 முதல் பிரிட்டன், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. அங்கே யாரோ ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள மகள் போனாள். அவள் பிள்ளையை இங்கே அம்மச்சி பார்த்துக்கொள்கிறார். விமானம் ஏறும் அம்மச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலூர் அம்மாச்சி ஆகிறார்.

பாட்டியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் குமுளி பதில் வைத்திருக்கிறது. சில வருடங்களாக ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் என்று தொலைதூர மாநிலத்தவர் வேலைக்கு வந்து தங்குகிறார்கள். ஜீப் செலவில்லை, எல்லைப் பிரச்சினை இல்லை என்பதால் தோட்டக்காரர்களுக்கு இது வசதி. கணவனும் மனைவியுமாக வருகிறார்கள், குழந்தையையும் கொண்டுவருகிறார்கள். பாட்டி எங்கோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளை ஒன்று காட்டுக்குள் வரும், அல்லது ஏழெட்டு வயது அக்காவின் பொறுப்பில் லயத்தில் இருக்கும். அக்காவின் பள்ளிக்கூடம் அத்துடன் போயிற்று. கூடலூர்ப் பிள்ளைகள் புத்தகப்பையோடு நடப்பதற்கும் இந்தப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கும் இடையே இருப்பது ஒரு கிழவிதான்.

வருடத்தில் ஒரு நாள் கீழே இருக்கும் பாட்டியும் பேரன் பேத்தியும் மலையேறுகிறார்கள். சித்திரைப் பௌர்ணமி. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் அன்று மட்டும் திறக்கும். யாருடைய கோயில் என்று இரண்டு மாநிலங்களும் நெடுங்காலமாக வழக்காடுகின்றன. அன்றைக்கு மட்டும் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூட்டாகக் காவல் நிற்கின்றன. கால் பலமுள்ளவர்கள் பளியன்குடியிலிருந்து காட்டுக்குள் நடந்து ஏறுவார்கள். முழங்கால் போன அம்மாச்சிக்கு அது முடியாது. குமுளிக்கு பஸ்ஸில் வந்து, சுமார் 14 கிலோமீட்டர் கரடு வழியில் ஜீப்பில் போக வேண்டும். விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடும். அன்று ஜீப்பில் குழந்தைகளும் இருப்பார்கள், நெருக்கியடித்து மடியில். வேலைக்குப் போகும் வழியை அம்மா காட்டுவாள்: அந்த வளைவில் இறங்குவோம், அதோ அந்தச் சரிவில் காய் எடுப்போம். அம்மாச்சி தன் காலத்தில் அங்கே ஸ்டோர் இருந்தது, இங்கே ஓடை இருந்தது என்று திருத்துவாள். பிளாஸ்டிக் பாட்டிலை வனத்துறை வாங்கி வைத்துக்கொள்ளும். மேலே பொங்கல், சின்ன மஞ்சள் பொட்டலம், கீழே தெரியும் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கள் ஊர் எது என்று தேடல். மாலைக்குள் அத்தனை பேரும் இறங்கிவிட வேண்டும். அதில் மட்டும் இரு மாநில அதிகாரிகளும் ஒரே கண்டிப்பு.