விதைநெல்லைத் தின்னாத கம்பனி

எங்கள் பக்கத்துப் பெண்களின் சேமிப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும். கழுத்திலும் காதிலும் நகையாக, சீட்டில் காசாக, வங்கியில் நிலையான வைப்பாக. கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத் தாய் வழியில் வந்த வயலும் இருக்கும். கம்பனிப் பங்கு என்றால் அது கொழும்புப் பணக்காரரின் விளையாட்டு என்றே நினைத்துவிடுகிறோம். "என்ன டீச்சர், இந்த வயசில சூதாட வெளிக்கிட்டீங்களா?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். சூதாட்டத்துக்கும் நான் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வீரமுனையைச் சேர்ந்தவள். முப்பது வருடங்கள் படிப்பித்து 2018இல் ஓய்வு பெற்றேன். கணவர் இல்லை. ஓய்வூதியமும், அம்மா தந்த இரண்டு ஏக்கர் வயலின் குத்தகையும்தான் வருமானம். 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது நெல்லும் மாடும் போயின. உடம்பில் கிடந்த நகைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதனால் நகையின் அருமையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகை ஆபத்துக்கு உதவுமே தவிர, பெட்டிக்குள் இருந்துகொண்டு வருமானம் தராது.

நிலையான வைப்பு வருமானம் தரும். ஆனால் 2022இல் நடந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வைப்புக்கான வட்டியும் ஏறியது. ஆனாலும் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்! வங்கிப் புத்தகத்தில் முதல் குறையவில்லை. அந்த முதலுக்கு வாங்கக்கூடிய அரிசியும் பருப்பும்தான் குறைந்துபோயின.

வயல் அப்படியல்ல. குத்தகையை நெல்லாக வாங்கினால், நெல் விலை ஏறும்போது அதன் பெறுமதியும் ஏறும். காலப்போக்கில் காணியின் விலையும் கூடும். நல்ல கம்பனியின் பங்கும் இத்தகையதே. இலாபத்தில் நமக்குப் பிரித்துத் தருவது பங்கிலாபம். அது போகத்துக்குப் போகம் வரும் குத்தகை மாதிரி. கம்பனி வளர வளரப் பங்கின் விலை ஏறுவது, காணி விலை ஏறுவது மாதிரி. பொருட்களின் விலை கூடும்போது தன் விற்பனை விலையையும் கூட்டக்கூடிய கம்பனியின் இலாபம், பணவீக்கத்தை ஓரளவாவது தாக்குப்பிடிக்கும்.

ஆனால் எந்தக் கம்பனி? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதிக பங்கிலாபம் தருவதே நல்லது என்று எண்ணுகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். பங்கு ஒன்றின் விலை 100 ரூபா. அந்தப் பங்குக்கு வருடத்தில் கம்பனி உழைத்த இலாபம் 10 ரூபா. அதில் 4 ரூபாவைப் பங்கிலாபமாகத் தருகிறது. 2023 தொடக்கம் பங்கிலாபத்தில் 15 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுவதால் நமது கைக்கு வருவது 3 ரூபா 40 சதம். மிச்ச 6 ரூபா கம்பனியிலேயே நிற்கிறது. அதுதான் விதைநெல். அதைக்கொண்டு புதிய இயந்திரம் வாங்கலாம், கடனைக் குறைக்கலாம். 10 ரூபா உழைத்து 12 ரூபா பங்கிலாபம் தரும் கம்பனி, களவெட்டியில் விதைநெல்லையும் சேர்த்துத் தின்கிறது. ஒரு வருடம் சமாளிக்கலாம், எப்போதும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. கம்பனி பழுதாகி, 100 ரூபாப் பங்கு 50 ரூபாவுக்கு விழுந்துவிட்டால், அதே 4 ரூபா பங்கிலாபம் 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகத் தெரியும். பார்ப்பவருக்கு விளைச்சல் கூடியது போலிருக்கும். உண்மையில் மலிந்தது காணி.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த சம்மாந்துறை டீச்சர். 1990க்குப் பிறகு இரண்டு ஊருக்கும் இடையே இருந்த மனக்கசப்பு யாவரும் அறிந்தது. ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் நாங்கள் பேசப் பழகினோம். அவர் வட்டி எடுக்காதவர். அதனால் நிலையான வைப்பு அவருக்குச் சரிவராது. வட்டியில்லா முறையில் இயங்கும் அமானா வங்கி 2014இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோதுதான் அவர் பங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். "இஞ்ச பாருங்க டீச்சர், கம்பனி என்ன விக்குது, எவ்வளவு கடன் பட்டிருக்கு, இது ரெண்டையும் முதல்ல பாருங்க" என்பார். வட்டிக்கு எடுத்த கடன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அவருடைய மார்க்கத்தை ஒட்டிய கணக்கு. எனக்கு அது வேறு மார்க்கமானாலும், கடன் குறைந்த கம்பனி கஷ்ட காலத்தில் நின்றுபிடிக்கும் என்பது எவருக்கும் பொதுவானது.

"என்ன விக்குது" என்ற கேள்விதான் என்னைச் சோதித்தது. பங்குத் தரகர் அனுப்பிய பட்டியலில், வருடாவருடம் தாராளமாகத் தருபவற்றில் சிகரெட்டும் சாராயமும் விற்பவை இருந்தன. கணக்கில் குறை சொல்ல முடியாத கம்பனிகள். ஆனால் என் மச்சாள் தோட்டை அடகு வைத்தது எதற்காக என்று எனக்குத் தெரியும். அவளுடைய அடுப்படியிலிருந்து போகும் காசு, கொழும்பைச் சுற்றிப் பங்கிலாபமாக என் கணக்குக்கு வருவதா? அந்தப் பெயர்களை வெட்டிவிட்டேன். அதனால் எனக்கு வரும்படி குறைந்தது உண்மை. நான் வாங்காததால் சாராயக் கம்பனி மூடப்படப் போவதுமில்லை. இருந்தும் எனக்கு அது வேண்டாம்.

ஆபத்தையும் மறைக்கக்கூடாது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 தொடக்கம் மே 11 வரை சந்தை மூடிக்கிடந்தது. விற்க நினைத்தாலும் முடியாது. அந்த மே மாதமே வங்கிகள் காசாகப் பங்கிலாபம் கொடுப்பதை மத்திய வங்கி கட்டுப்படுத்தியது. 2022 ஏப்ரலிலும் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டது. ஆகவே வைத்தியச் செலவுக்கும், பிள்ளையின் படிப்புக்கும் உரிய காசைப் பங்கில் போடாதீர்கள். நகையை அடகு வைத்து, கடன்பட்டு வாங்கவே கூடாது. ஒரு வருடத்துச் சாப்பாட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். ஒரே கம்பனியிலும் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். மேட்டில் ஒரு வயலும் பள்ளத்தில் ஒரு வயலும் வைத்திருந்த நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது.

கணக்குத் தொடங்கும்போது மகன், "என்ட பேரிலேயே போடுவம் அம்மா, எல்லாம் ஃபோனில பார்க்கலாம்" என்றான். அன்போடுதான் சொன்னான். எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண் பெயரில் வருவது வழக்கம்; பங்கும் அப்படியே வரட்டும் என்று என் பெயரில் தொடங்கினேன். வருடாந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு பங்குக்கான இலாபம், ஒரு பங்குக்கான பங்கிலாபம், மொத்தக் கடன் ஆகிய மூன்று எண்களையும் ஐந்து வருடங்களுக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எது தன் விதைநெல்லைக் காப்பாற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக வந்த பங்கிலாபத்தில் மின்சாரப் பட்டியலைக் கட்டினேன், பிரஷர் மாத்திரை வாங்கினேன். மிச்சக் காசுக்கு அதே கம்பனியில் இன்னும் இருபது பங்குகள் வாங்கியிருக்கிறேன்.