செம்பில் ஏறிய களிம்பு

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் ஒரு வில்லிஸ் ஜீப் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட வகை. இராணுவம் கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அப்பா வாங்கினார். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை அது. அப்பா மறைந்தபின் மூன்று மழைக்காலம் அது அசையவில்லை. அண்ணன் தம்பி எங்களுக்குள்ளும் நிலத்தைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அவருடைய நினைவுநாளில் ஒகேனக்கல்லுக்கு அதிலேயே போய்வருவது என்று மட்டும் எப்படியோ ஒத்துக்கொண்டோம்.

இயந்திரம் உயிர்பெற்றுவிட்டது. முகப்பு விளக்குகளோ அகல்போல் மினுங்கின. காட்டு வழியில் இருட்டியபின் மலையேறித் திரும்ப அந்த வெளிச்சம் போதாது.

அந்த வண்டிக்கு 6 வோல்ட் மின்சாரம். இன்றைய கார்களுக்கு 12. ஒரு 30 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடவேண்டும். ஓர் இணைப்பில் களிம்பேறி 0.1 ஓம் தடை உண்டானாலே அரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பழைய வண்டியில் பாட்டரியைக் குறை சொல்லுமுன் இணைப்புகளைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

பார்த்தோம். ரப்பர் உறை செம்பு முனையோடு ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டோம், ரப்பர் உப்பி இன்னும் இறுகியது. குறட்டால் கம்பியைப் பிடித்து இழுத்தோம். கம்பி கையோடு வந்தது. முனை உள்ளேயே நின்றது. அப்பா தம் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்த முனை. யார் இழுத்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகே அவர் செய்த முறை நினைவுக்கு வந்தது. முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுவார். உறையின் விளிம்பில் விளக்கெண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பார். இயற்கை ரப்பரை அது கெடுப்பதில்லை. பழங்காலத்துப் பிரேக் எண்ணெயே ஆமணக்கெண்ணெய் கலந்ததுதான். மறுநாள் இணைப்பின் உடலைப் பிடித்து, முதலில் உள்ளே அழுத்தி, மெல்லத் திருகி, அதன்பிறகே வெளியே எடுப்பார். கம்பியை ஒருபோதும் இழுக்கமாட்டார். நைசான உப்புத்தாளால் செம்பு சிவக்கும்வரை தேய்ப்பார். எர்த் கம்பி சேரும் இடத்தில் பெயின்ட்டையும் சுரண்டி இரும்பைக் காட்டுவார்.

மீதி இணைப்புகளை அப்படியே கழற்றினோம். இரண்டு நாளாயிற்று. அறுந்த கம்பிக்குப் புது முனை வைத்தோம்.

ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்தம் உவமையாகச் சொல்லும். எங்களில் ஒருவர் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவரும் உவமை அது. கையில் பச்சையாய் ஒட்டியபோதுதான் அதன் பிடிவாதம் புரிந்தது.

ஒகேனக்கல்லிலிருந்து இரவில் திரும்பினோம். விளக்குகள் கடைசிவரை மங்கவில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லைதான். ஆயினும் ஆண்டுக்கொருமுறை சேர்ந்து உட்கார்ந்து எல்லா இணைப்புகளையும் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கழற்றிப் பார்க்காத இணைப்புதான் இறுகிப்போகிறது.