பண்டிகை இல்லாத நாளில் பழகுங்கள்

எழுபதைத் தாண்டிய வயதில் நெருங்கிய நண்பர்களை நினைத்துப் பார்க்கிறேன். துக்கம் என்றால் நள்ளிரவிலும் ஓடி வருபவர்கள், கைமாற்றுக்குக் காரணம் கேட்காதவர்கள். அத்தனை பேரும் தமிழர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் வாழும் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தும் ஏன் இப்படி?

வெறுப்பு காரணமல்ல; நாங்கள் வளர்ந்த இடங்களே தனித்தனி. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழருக்கு ரப்பர் தோட்டத்து லயம் என்ற வரிசை வீடுகள், மலாய்க்காரருக்குக் கம்பம் என்ற கிராமம், சீனருக்கு ஈயச் சுரங்கமும் பட்டணமும். கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், 1950 முதல், பெரும்பாலும் காட்டோரச் சீனர்களாக இருந்த சுமார் 5 லட்சம் பேரைக் கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். பால்வெட்டுக்காரர் பிள்ளையான நான் சீனப் பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது தமிழ்ப்பள்ளி முடித்துச் சேர்ந்த பட்டணத்துப் பள்ளியின் புதுமுக வகுப்பில்தான். அதற்குள் கூட்டாளிகள் அமைந்துவிட்டார்கள். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகோ, வேற்றினத்தார் வீட்டுக்குப் போவதென்றாலே பெற்றவர்கள் தயங்கினார்கள்.

வேலையிடத்தில் எல்லோரோடும் சிரித்துப் பேசினோம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று திறந்த இல்ல உபசரிப்புகளுக்குப் போய்வந்தோம். ஆனால் என் மகள் கல்யாணத்தில் மலாய், சீன விருந்தினர் அனைவரும் ஒரே மேசையில் அடங்கிவிட்டார்கள். எல்லோரும் அலுவலகத்தவர், சாப்பிட்டு, மொய் உறையைக் கொடுத்து, ஒன்றாகவே விடைபெற்றார்கள்.

பண்டிகைக்குப் போய்வருவது மரியாதை. நட்பு அதற்கும் மேல். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய தமிழனின் வலி சீன நண்பருக்குத் தெரிய வேண்டும். புதுக்கிராமத்து வேலிக்குள் வளர்ந்தவரின் வலி நமக்குத் தெரிய வேண்டும். ஓர் இனத்தார் மட்டும் கூடும் மேசையில் அடுத்த இனத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. அங்கேதான் சந்தேகம் வேர்பிடிக்கிறது.

இதற்காகத் தமிழ்ப்பள்ளியை விடச் சொல்லவில்லை. அது நம் மொழிக்கு உயிர். பள்ளி முடிந்தபின் மாலைப்பொழுது இருக்கிறதே! பூப்பந்து ஆட்டத்துக்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் கூட்டத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பாருங்கள். அவர் கவலையைக் கேளுங்கள். உங்கள் கவலையையும் சொல்லுங்கள். இளையவர்களே, ஒரே மண்ணில் சேர்ந்து மூப்படையப் போகிறவர்கள் நீங்கள். இப்போதே சேர்ந்து பழகுங்கள்.