இடப்பக்கக் கதிரை

காலை எட்டு மணி. விறாந்தை மேசையில் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கோப்பையில் குரக்கன் புட்டு. வலப்பக்கம் சம்பல், இடப்பக்கம் கத்தரிக்காய்ப் பால்கறி. வலக்கை ஒழுங்காகப் போய் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.

“பிள்ளை, கறி ஒண்டும் வைக்கேல்லையோ?”

கறி இருக்கிறது. புட்டிலும் பாதி இருக்கிறது. நடுவே நூல் பிடித்துப் பிரித்ததுபோல் கோப்பையின் வலப்பாதி வெறுமையாகவும் இடப்பாதி கை படாமலும் கிடக்கிறது.

முதல் மாதம் பேத்தி கோப்பையைத் திருப்பி வைப்பாள். இப்போது திருப்புவதில்லை. மேசைக்குக் கீழே தொங்கும் அவருடைய இடக்கையை மெல்லத் தூக்கிக் கோப்பையின் இடது ஓரத்தில் வைக்கிறாள். “அம்மப்பா, உங்கடை கை எங்கை கிடக்கெண்டு தேடுங்கோ.”

அவர் தேடுகிறார். தலை சற்றுத் திரும்பி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. கையைக் காண்கிறார். கையோடு கறியையும் காண்கிறார். “அட, இஞ்சை கிடக்கு.”

சண்டிலிப்பாயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேப்பர். நான் வாசித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வாங்கிலில் சற்று நேரம் இருப்பேன். பேசுவதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் தபால்காரராக இருந்தவர். முப்பது வருஷம் இந்த ஊர் ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்தவர். எந்தப் படலை கீச்சிடும், எந்த வளவில் நாய் நிற்கும் என்பது வரை தெரிந்தவர். “இப்ப சுகந்தானே” என்று பிரஷர் குளிசையைத் தானாகவே நிறுத்தியிருந்தார். ஒரு விடியற்காலை கிணற்றடியில் சரிந்து விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் கசிவு. உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. அவற்றோடு உலகத்தின் இடப்பக்கமும் அவருக்கு இல்லாமல் போனது.

ஊர் இதைப் பாரிசவாதம் என்கிறது. அந்தச் சொல் கைகாலோடு நின்றுவிடும். அவருக்குக் கண்ணில் பழுதில்லை. கண் கண்டதை மனம் எடுத்துக்கொள்வதில்லை. மூளையின் இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தையே கவனிக்கும். வலப்பாதி இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடப்பாதி பழுதானால் வலப்பாதி ஓரளவு ஈடுகட்டிவிடும். வலப்பாதி பழுதானால் இடப்பக்கத்துக்குக் காவல் இல்லை. மருத்துவர்கள் இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது. ஒன்றைப் புறக்கணிப்பவருக்கு அது இருப்பது தெரிந்திருக்கவேண்டும். இவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மணிக்கூடு கீறச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் நெருக்கி எழுதினாராம். சவரம் செய்தால் இடக்கன்னத்தில் நரைமயிர் அப்படியே நிற்கும். சேட்டின் இடக்கை போடாமல் தொங்கும். கதவு நிலையில் இடத்தோள் போய் மோதும்.

பேப்பரை விரிக்கிறார். தமிழ் வரி இடமிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு வரியின் தலையும் அவருக்கு இல்லை. சண்டிலிப்பாய் என்று அச்சிட்டிருப்பதைப் ‘பாய்’ என்று வாசிக்கிறார். மானிப்பாயும் பாய். கோப்பாயும் பாய். விலாசம் வாசித்தே சீவித்த மனிதருக்கு மூன்று ஊரும் ஒரே ஊராகிவிட்டன.

பேத்தி பேப்பரின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சிவப்புப் பேனையால் கோடு கீறுகிறாள். சிவப்பைக் கண்ட பிறகுதான் வரியைத் தொடங்கவேண்டும். விரலால் தடவித் தடவிப் போகிறார். விரல் சிவப்பில் முட்டுகிறது. “சண்… டிலிப்… பாய்.” ஊர் திரும்பக் கிடைத்தவர்போல் நிமிர்கிறார்.

ஒரு நாள் பேத்தி கேட்டாள்: “அம்மப்பா, கந்தோரிலையிருந்து சீரணி அம்மன் கோயிலடிக்குக் கடிதம் கொண்டு போறியள். வழியிலை என்னென்ன வீடு?”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பரியாரியார் வீடு, ஓவசியர் வீடு, கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிற வீடு. எல்லாம் வலப்பக்கத்து வீடுகள்.

“இப்பத் திரும்பி வாங்கோ.”

சங்கக்கடை, தையல்காரர் வீடு, வாத்தியார் வீடு என்றார். போகும்போது இல்லாத வீடுகள் வரும்போது வந்தன. போகும்போது சொன்னவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

1978இல் இத்தாலியின் மிலான் நகரில் எதோவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுசாத்தி என்ற ஆய்வாளர்கள் இதையே கண்டு எழுதினார்கள். இதே பாதிப்புள்ள இருவரிடம், நன்கு பழகிய பேராலயச் சதுக்கத்தை மனதில் நினைத்துச் சொல்லும்படி கேட்டார்கள். ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். ஆலய வாசலில் நின்று வெளியே பார்ப்பதாக நினைத்தபோது முன்பு விட்டவற்றைச் சொன்னார்கள். நினைவு அழியவில்லை. நினைவுக்குள்ளும் இடப்பக்கத்தில் விளக்கு அணைந்திருக்கிறது.

வீட்டாருக்கு இது தொடக்கத்தில் விளங்கவில்லை. “வேணுமெண்டு செய்யிறார்” என்றார்கள். அதிகம் நொந்தவர் மனைவி. மணவறையில் இடப்பக்கம் மாறி இருந்த நாள் முதல் அவருக்கு அந்தப் பக்கம்தான். உமைக்கு உரிய பக்கம். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் கணவர் திரும்பவில்லை. ஒரு நாள் தன் மடியில் கிடந்த இடக்கையைப் பார்த்து, “இது ஆரின்ரை கை?” என்று கேட்டார். மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். “உங்கடை கைதான். எனக்குத் தாலி கட்டின கை.”

அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மனைவியின் கதிரையை வலப்பக்கம் மாற்றினார்கள். இயன்மருத்துவர் வந்து பார்த்தார். “முதலிலை வலப்பக்கம் நிண்டு கதைக்கிறது சரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் வரவேணும். எல்லாத்தையும் வலப்பக்கமே குடுத்தால் அவர் ஏன் திரும்பப் போறார்?” என்றார். அன்று முதல் கதிரை ஒவ்வொரு சாணாக நகர்ந்தது. இன்று பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

சாப்பாடு முடிந்தது. மனைவி வந்து இடப்பக்கக் கதிரையில் இருக்கிறார்.

“இஞ்சேருங்கோ.”

பதில் இல்லை. அவர் முற்றத்தின் வலப்பக்கத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இஞ்சேருங்கோ, இஞ்சாலை.”

இடத்தோளைத் தொடுகிறார். மறுபடி கூப்பிடுகிறார். குரலில் சலிப்பு இல்லை. நான்காவது முறை தலை திரும்புகிறது. சிவப்புக் கோட்டைத் தேடிய அதே தேடல். கண் வந்து மனைவியின் முகத்தில் நிற்கிறது.

“எப்ப வந்தனீர்?”

“நான் இஞ்சைதானே இருந்தனான்.”

உங்கள் வீட்டிலோ அயலிலோ பாரிசவாதத்திலிருந்து மீண்டவர் கோப்பையில் பாதியை விட்டால், இடப்பக்கம் நின்று கூப்பிடும்போது பாராமல் இருந்தால், ஏசாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இடப்பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, அவர் திரும்பும்வரை கூப்பிடுங்கள்.