செக்குக் குதிரை

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம்னு வழக்கம்போல ஒரு பொய் சொல்லிக்கலாம். உண்மை என்னன்னா, கால் எலும்புல விரிசல் விட்ட கதையை எழுத வெட்கமா இருந்துச்சு. இப்போ எலும்பு கூடிடுச்சு, வெட்கமும் கொஞ்சம் குறைஞ்சுடுச்சு. அதான் இந்தப் பதிவு. பந்தயக் குதிரைகளைப் பத்தினதுதான், ஆனா கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவேன். பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு கொசுவத்தி. 2021-ல எங்க அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். வயசு 53. ஸ்டென்ட் வச்சு அனுப்பினாங்க. அடுத்த வருஷம் ஆபீஸ்ல எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில எனக்கு கொலஸ்ட்ரால் 260. "குடும்பத்துலயே இருக்கு, இப்பவே பார்த்துக்கோங்க"ன்னார் டாக்டர். அதுவரைக்கும் நம்ம உடற்பயிற்சி எல்லாம் நாற்காலியை உருட்டிக்கிட்டு பக்கத்து சீட்டுக்குப் போறது மட்டும்தான்.

2022 செப்டம்பர்ல ஆன்சைட். இங்கிலாந்துல நியூபரிங்கிற ஊர். குளிர்காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், கூடவே மழை. வெளியில ஓடறதுக்கு வழியே இல்ல. வீட்டுப் பக்கத்துல ஒரு ஜிம். அஞ்சு மாசம், வாரத்துக்கு அஞ்சு நாள், ட்ரெட்மில்லே கதி. முதல் வாரம் ரெண்டு நிமிஷத்துல நாக்கு தள்ளுச்சு. பிப்ரவரியில பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சேன். திரையில இதயத்துடிப்பு, தூரம், கலோரி எல்லாம் தெரியும். எல்லாமே பச்சை. பக்கத்து ஊர் அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையா ரோட்டுல இறங்கி 12 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சே வாங்கலை. அடுத்த வாரம் 15. மூணாவது வாரம் இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்புல யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. வலியோடயே இன்னும் ரெண்டு நாள் ஓடினேன். (புத்திசாலி!) ஸ்கேன்ல விரிசல். முழங்கால் வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டி, ஆறு வாரம் ஓடக்கூடாதுன்னுட்டாங்க.

வீட்டுல சொல்லலை. அப்பாவுக்குப் படபடப்பு வேண்டாமேன்னு ஒரு சாக்கு. வீடியோ காலை இடுப்புக்கு மேலயே காட்டி சமாளிச்சேன்.

நிற்க. இப்போதான் குதிரை வருது.

நியூபரியில இருந்து 20 கிலோமீட்டர் தள்ளி லாம்போர்ன். சின்ன ஊர்தான், ஆனா நியூமார்க்கெட்டுக்கு அடுத்து இங்கிலாந்துலயே பெரிய பந்தயக் குதிரைப் பயிற்சி மையம். மனுஷங்க ரோட்டைக் கடக்க யோசிக்கணும், குதிரை வந்தா கார் எல்லாம் நிக்கும். வருஷா வருஷம் புனித வெள்ளி அன்னிக்கு லாயங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவாங்க. 2023 ஏப்ரல்ல நானும் ரூம்மேட்டும் போனோம். அவன் கார்ல, நான் பூட்ஸோட.

ஒரு லாயத்தோட பின்பக்கம் வட்டமா ஒரு கொட்டகை. நடுவுல மோட்டார், அதுல இருந்து குடைக்கம்பி மாதிரி விரிஞ்ச சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துல இருந்தும் கேட் மாதிரி ஒரு தடுப்பு தொங்குது. ரெண்டு தடுப்புக்கு நடுவுல ஒரு குதிரை. தடுப்பு மெதுவா நகர, குதிரையும் நடக்குது. மொத்தம் ஆறு குதிரை. கீழே ரப்பர் தரை. சுவர்ல ஒரு பெட்டி, அதுல வேகம், நேரம், திசை. கொஞ்ச நேரம் ஒரு பக்கமா சுத்திட்டு, நின்னு, திரும்பி மறுபக்கம் சுத்துது. ஒரே பக்கமா சுத்தினா ஒரு பக்கத்துக் கால்களுக்கே பாரம் சேருமாம். ஹார்ஸ் வாக்கர்னு பேர்.

எங்க தாத்தாவுக்கு விருதுநகர் பக்கத்துல ஒரு மரச்செக்கு இருந்துச்சு. எனக்கு நினைவு தெரியும்போதே அதுக்குக் கடைசிக் காலம். இந்த வட்டத்தைப் பார்த்ததும் என்னையும் அறியாம, "டேய், செக்கு மாடு மாதிரியே இருக்குடா"ன்னு கத்திட்டேன்.

"செக்குக் குதிரைன்னு சொல்லு தம்பி"ன்னு பின்னாடி ஒரு குரல்.

திரும்பினா, கையில வாளியோட ஒரு அண்ணன். வயசு 45 இருக்கும். சொந்த ஊர் வேளச்சேரி. அவங்க அப்பாவும் கிண்டியில குதிரை பார்த்துக்கிட்டவர். இவரும் சின்ன வயசுலயே அதே வேலைக்கு வந்து, துபாய் போய், அங்கிருந்து இங்கே. இந்த ஊர் லாயங்கள்ல இந்தியாவுல இருந்து வந்து வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்கங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்க்கலை. பூட்ஸைத்தான் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஷின்னா?"

"ஆமாண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு வயசுக் குட்டிங்களுக்கு எல்லாம் வரும். மெஷின்ல ஓடிக்கினு இருந்துட்டு நேரா ரோட்டுல எறங்கிட்டியா?"

அசந்துட்டேன். எங்க டாக்டருக்கே நான் பத்து நிமிஷம் விளக்க வேண்டியிருந்துச்சு.

அவர் சொன்னதையும், அதுக்கப்புறம் ஆறு வாரம் காலை நீட்டி உட்கார்ந்து படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

பந்தயக் குதிரை ஒரு நாள்ல பெரும்பகுதி நேரம் லாயத்துல சும்மா நிக்கும். உண்மையான ஓட்டம் சில நிமிஷம்தான். நின்னுக்கிட்டே நல்லா தின்னுட்டு திடீர்னு வேலை செஞ்சா சில குதிரைகளுக்கு இடுப்புத் தசை எல்லாம் இறுகிப்போய் அசையவே முடியாது. அதனால ஓட்டத்துக்கு முன்னாடி உடம்பை சூடாக்க, ஓடி வந்ததும் ஆற வைக்க, ஓய்வு நாள்ல கொஞ்சம் நடக்க வைக்கத்தான் இந்த வாக்கர். இது இல்லாட்டி ஆறு குதிரைக்கு ஆறு பேர் கயித்தைப் பிடிச்சு நடக்கணும். ஆள் கிடைக்கிறது குதிரைக் கொம்பு.

அடுத்த படி ட்ரெட்மில். குதிரைக்கும் ட்ரெட்மில் உண்டு சாமி! 1960-கள்லயே ஸ்வீடன்ல சூனே பெர்சன் குதிரையை ட்ரெட்மில்ல ஓட விட்டு ரத்த அளவையும் வேலைத் திறனையும் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். கண்ணாடித் தொட்டிக்குள்ள தண்ணி நிரப்பின ட்ரெட்மில்லும் உண்டு. தண்ணி உடம்பைத் தாங்குறதால கால்ல பாரம் குறையும், ஆனா தண்ணியைத் தள்ளி நடக்கிறதால தசைக்கு வேலை கிடைக்கும். அடிபட்டுத் தேறி வர்ற குதிரைகளுக்கு இது ரொம்ப உதவும்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சிக்கல் எங்கேன்னா, உடம்பு ஒரே பொருள் இல்ல.

குதிரையோட இதயம் ஒரு அதிசயம். சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு 30-லிருந்து 40 துடிப்பு. முழு வேகத்துல 220-ஐத் தாண்டும். மண்ணீரல்ல சேமிச்சு வச்சிருக்கிற சிவப்பணுக்களை எல்லாம் ஓடும்போது ரத்தத்துல பிழிஞ்சு விட்டுடும். இந்த இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரப் பயிற்சியிலயே நல்லா தேறிடும். எலும்பு அப்படி இல்ல, அதுக்கு மாசக்கணக்குல ஆகும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்கு சதையே கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். 450, 500 கிலோ உடம்பு முழு வேகத்துல போகும்போது ஒவ்வொரு தாவலிலும் ஒரே ஒரு முன்னங்கால் மட்டும் தரையில இருக்கிற கணம் வரும். அப்போ அந்தக் கால் தாங்குறது உடல் எடையைப் போல சுமார் ரெண்டரை மடங்கு. அதாவது ஒரு டன்னுக்கு மேல!

பாரத்துக்கு ஏத்த மாதிரி எலும்பு தன்னை மாத்தி அமைச்சுக்கும்னு ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-லயே எழுதிட்டார். ஆனா எந்தப் பாரத்துக்கு? அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட நியூ போல்டன் மையத்துல டேவிட் நுனமேக்கர் குழு இதைத்தான் நோண்டினாங்க. அங்கே பயிற்சியில இருக்கிற இளங்குதிரைகள்ல பத்துக்கு ஏழு வரைக்கும் இந்த ஷின் வலி வரும்னு கணக்கு. குதிரை மெதுவா ஓடும்போது எலும்பு வளையிற திசை வேற, முழு வேகத்துல வளையிற திசை வேற. கிலோமீட்டர் கணக்கா மெதுவா ஓட விட்டா, எலும்பு மெது ஓட்டத்துக்குத் தயாராகும். பந்தயத்துக்குத் தயாராகாது. மெது ஓட்டத்தைக் குறைச்சு, வாரத்துல சில தடவை குட்டிக்குட்டி தூரம் மட்டும் வேகமா ஓட விட்டு, அதைப் படிப்படியா கூட்டினா வலி வர்றது குறையுதுன்னு காட்டினாங்க. பந்தயம் எந்தத் தரையில நடக்குமோ அந்த மாதிரித் தரையில.

அந்தக் காலத்துல இந்த வலிக்கு குதிரைக்கால்ல பழுக்கக் காய்ச்சின கம்பியால சூடு வைப்பாங்களாம். நல்ல மாட்டுக்கு ஒரு சூடுன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே. அங்கே நல்ல குதிரைக்கு நாலஞ்சு சூடு. பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?

மெஷின்ல ஓடறதும் தரையில ஓடறதும் ஒண்ணு இல்லைங்கிறதுக்கு இன்னொரு உதாரணம். சமதளமான ட்ரெட்மில்ல ஓடற குதிரைக்கு, முதுகுல ஆள் கிடையாது, எதிர்க்காத்து கிடையாது. அதனால அதே வேகத்துல மைதானத்துல ஓடறதை விட துடிப்பு குறைவாத்தான் காட்டும். ஓடும்போது குதிரையோட தொண்டையில மூச்சுக்குழாய் அடைக்குதான்னு பார்க்க முன்னாடி ட்ரெட்மில்ல ஏத்தித்தான் கேமரா விடுவாங்க. 2000-கள் கடைசியில கேமராவை குதிரைத் தலையிலயே கட்டி, சவாரி பண்ற ஆளோட மைதானத்துல ஓட விட்டே பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. டெஸ்ட் சர்வர்ல எல்லாம் ஓடுது, புரொடக்‌ஷன்ல புட்டுக்குதுன்னு நாம தினமும் கேட்கிற கதைதான்.

இதை உணர்ந்து மெஷினையே தரைக்குக் கொண்டு வந்தவரும் இருக்கார். துருக்கிக்காரர் மெஹ்மத் குர்ட். அதே லாம்போர்ன்ல 2010-கள்ல மோனோரயில் மாதிரி ஒண்ணு அமைச்சார். மேலே தண்டவாளம், அதுல தொங்குற கூண்டுகள், அதுக்குள்ள குதிரைகள். ஓடறது நிஜத் தரையில, வேகம் கம்ப்யூட்டர் கையில, முதுகுல பாரம் இல்ல. இளங்குதிரையோட எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்ங்கிறதுதான் நோக்கம். பொட்டி தட்டுறவனா எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. அண்ணன்கிட்ட சொன்னேன்.

அவர் சிரிச்சுட்டு, வாக்கர்ல இருந்து இறக்கின ஒரு குதிரைகிட்ட குனிஞ்சார். ஒவ்வொரு காலா, முழங்கால்ல இருந்து குளம்பு வரைக்கும் உள்ளங்கையால மெதுவா தடவிக்கிட்டே வந்தார். எங்கேயாவது சூடு இருக்கான்னு பார்க்கிறாராம். தினமும் காலையில இதுதான் முதல் வேலையாம்.

"மெஷின் நல்லா நடத்தும் தம்பி. நொண்டுதா இல்லியான்னு அதுக்குத் தெரியாது. நொண்டினாலும் இழுத்துக்கினு போவும். நம்ம கைதான் பாக்கணும்."

செக்கை விட்டு அவிழ்த்ததும் மாட்டோட காலை எங்க தாத்தாவும் இப்படித்தான் தடவுவார். அப்போ அது ஏதோ கொஞ்சறதுன்னு நினைச்சிருந்தேன்.

"உனக்கு எப்போ வலிக்க ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டார்.

"விரிசல் தெரியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியேண்ணே."

"யார்கிட்ட சொன்னே?"

யார்கிட்டயும் சொல்லலை. ட்ரெட்மில் திரையில எல்லாம் பச்சையா இருந்துச்சேன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு கேமராவைக் கீழே இறக்கினேன். ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "நானும் ஒண்ணு சொல்லலைடா"ன்னார். முழங்கால் வலியாம், காலை நடையை நிறுத்தி ரெண்டு மாசமாச்சாம். நான் கவலைப்படுவேன்னு, கேட்கும்போதெல்லாம் "டெய்லி நடக்கிறேன்"னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கார். ஸ்டென்ட் வச்ச மனுஷன். எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பச்சைத் திரையை மட்டுமே காட்டிக்கிட்டு இருந்திருக்கோம். மறுநாளே அம்மாவை விட்டு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னேன். தேய்மானம்தான். சில பயிற்சிகளும், மேடு பள்ளம் இல்லாத இடத்துல கொஞ்சம் கொஞ்சமா நடையும்னு ஆச்சு.

பூட்ஸைக் கழட்டினதும் நான் பூங்காப் புல்லுல ஆரம்பிச்சேன். ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. ஒரு நாள் ஓடினா மறுநாள் ஓய்வு. வாரத்துக்கு வாரம் துளித்துளியா கூட்டினேன். மூச்சு "இன்னும் போ"ன்னு சொல்லும், நான் எலும்பு பேச்சைக் கேட்டு நிறுத்திக்குவேன். அடுத்த வருஷம் அரை மாரத்தான் ஓடி முடிச்சேன். நேரம் கேட்காதீங்க, மானக்கேடு. ட்ரெட்மில்லை விடலை. மழை நாளுக்கு அதுதான் துணை. ஆனா அதுல இருந்து இறங்கினதும் குனிஞ்சு ரெண்டு காலையும் முழங்கால்ல இருந்து கணுக்கால் வரைக்கும் தடவிப் பார்க்கிறேன். ஜிம்ல ஒரு மாதிரியாத்தான் பார்க்கிறாங்க. பார்த்துட்டுப் போகட்டும்.

இப்போ ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா "சாப்பிட்டியா?"ன்னு ஆரம்பிக்கிறதில்ல. "கால் எப்படி இருக்கு?"ன்னுதான் ஆரம்பிக்கிறார். நானும் அதையேதான் கேட்கிறேன்.

பி.கு: ட்ரெட்மில் வாங்கி அதுல துணி காயப்போடும் அன்பர்கள் மனம் தளர வேண்டாம். உங்க எலும்புக்கு எந்த ஆபத்தும் இல்ல. ஹி ஹி.