வளரும் பிள்ளைக்குப் பனிச்சறுக்கு உடை

ஐரோப்பியக் கடைகளில் குழந்தைகள் உடையின் அளவு வயதைக் குறிப்பதில்லை, உயரத்தைக் குறிக்கிறது. பனிச்சறுக்கு ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியில் 128 என்று இருந்தால் அது 128 செ.மீ. உயரம் வரையுள்ள பிள்ளைக்கு. அடுத்தது 134, பிறகு 140, 146 என்று ஆறு ஆறாக ஏறும். நாலைந்து வயதுக்கும் பருவமடையும் வயதுக்கும் இடையில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். ஆக, ஓர் அளவு ஒரு வருஷத்துக்குத்தான். ஆண்டுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் இன்னும் சில சனி ஞாயிறுகளில் மட்டும் போட்டுக்கொள்ளும் விலை கூடிய உடை, அடுத்த குளிர்காலத்தில் மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் இது வசதி படைத்தவர்களின் கவலை மட்டுமல்ல. அங்கே பல பள்ளிகள் குளிர்காலத்தில் வகுப்பையே மலைக்கு அழைத்துப்போய், ஒரு வாரம் தங்கவைத்துச் சறுக்கப் பழக்குகின்றன. ஸ்கீலாகர் என்று அதற்குப் பெயர். 2017 டிசம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பிள்ளை கட்டாயம் கலந்துகொள்ள வேண்டிய பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம், அதுவும் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் என்று சொல்லிவிட்டது. கட்டணம் இறங்கியது, ஆனால் முகாமுக்கு முன் வீட்டுக்கு வரும் பட்டியல் இறங்கவில்லை. ஜாக்கெட், பேன்ட், கையுறை, தலைக்கவசம், பனிக்கண்ணாடி, முழங்கால் வரை நீளும் சாக்ஸ், உள்ளே போடும் வெப்ப உடை. 1980களிலிருந்து இலங்கையைவிட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பட்டியலைப் படிக்கிற அப்பாவோ அம்மாவோ ஒருநாளும் சறுக்குப் பலகையில் ஏறியவர் அல்ல. எது இறுக்கமாக இருக்க வேண்டும், எது தளர்வாக இருக்கலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அப்போது கைகொடுப்பது பள்ளிச் சீருடை எடுத்த பழைய அறிவு. “வளருற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெரிசா எடுங்கோ.” இந்த யோசனை பாதி சரி. அக்டோபரில் 126 செ.மீ. இருக்கும் பெண்ணுக்கு 128 அளவாக இருக்கும். பிப்ரவரியில் மலைக்குப் போகும்போது அவள் 128ஐத் தொட்டிருப்பாள். அதற்கடுத்த பிப்ரவரியில் 134ஐ. ஆகவே 134 எடுத்தால் முதல் வருஷம் கை சற்று நீளம், மறுவருஷம் கச்சிதம். 140 எடுத்தால் முதல் வருஷம் முழுக்கக் குளிரும். குளிரைத் தடுப்பது துணி மட்டுமல்ல, உடம்பை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்றும்தான். உடை தொளதொளவென்று இருந்தால் பிள்ளை குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்தச் சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறிவிடும். எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளைகளின் தோல் பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கிறார்கள். மலைக்கு ஏற்றும் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் இது தெரியவரும்.

வளர்ச்சிக்கு இடம்விட்டு வாங்கலாம் என்றால், எந்த உடுப்பில் என்பதையும் பார்க்க வேண்டும். பனியில் உடை மூன்று அடுக்காக அமைகிறது. உடம்பை ஒட்டிய உள்ளுடை வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். அது தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தள்ளும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ எதுவானாலும் இங்கே பெரிய அளவு உதவாது. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. நடு அடுக்கான ஃபிளீஸ் ஓர் அளவு கூடியிருந்தால் பாதகமில்லை. வெளி ஜாக்கெட்டில்தான் வளர்ச்சிக்கு உண்மையான இடம் இருக்கிறது. அங்கேயும் நீளம் கூடலாம், அகலம் மிகக் கூடக்கூடாது. மணிக்கட்டில் ஒட்டுப்பட்டையும் இடுப்பின் உள்பக்கம் மீள்துணியில் பனித் தடுப்பும் இருந்தால் ஓர் அளவு பெரிய ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம். மலிவு ஜாக்கெட்டில் முதலில் விடுபடுவது இந்த இரண்டும்தான். விலை குறைந்தது என்று அப்படிப்பட்ட ஒன்றை இரண்டு அளவு கூட்டி எடுப்பது இரட்டை நஷ்டம்.

பேன்ட் இன்னும் நுணுக்கமானது. கடையில் நேராக நின்று பார்த்தால் எல்லாப் பேன்டும் பொருந்தும். முழங்காலை மடக்கி உட்காரச் சொல்ல வேண்டும். முதுகில் தோல் தெரிந்தால் அங்கேதான் பனி நுழையும். பிறகு கால்களை அகட்டிக் குதிகால்களை வெளியே தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளை நாளெல்லாம் நிற்கப்போவது அப்படித்தான்: பலகைகளின் முனைகள் சேர்ந்து, பின்பக்கம் விரிந்த ஆப்பு வடிவம். பயிற்சியாளர்கள் அதைப் பிள்ளைகளிடம் பீட்சா என்கிறார்கள். பலகைகள் இணையாக நின்றால் வறுத்த உருளைக்கிழங்கு. இரண்டு அளவு பெரிய பேன்டின் கவட்டுப் பகுதி தொடையின் பாதிவரை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு பீட்சா போட முடியாது. தோளில் மாட்டும் பட்டை வைத்த பேன்ட் இதற்கு ஓரளவு மருந்து. பட்டையைச் சுருக்கி மேலே தூக்கலாம், வருஷம் ஏற ஏற இறக்கிக்கொள்ளலாம். கால் நீளம் கொஞ்சம் கூடியிருப்பது தப்பில்லை, சறுக்கு பூட்ஸின் உயரம் அதில் இரண்டு மூன்று செ.மீ. சாப்பிட்டுவிடும். ஆனால் விளிம்பு பூட்ஸுக்கு அடியில் மிதிபட்டால் ஒரே வாரத்தில் கிழிந்துபோகும். மழலையருக்கு விற்கும் ஒற்றை முழு உடையில் பனி புகாது என்பது உண்மை. ஆனால் உடல் நீண்டதும் கவட்டில் இழுக்கத் தொடங்கும், ஒன்று சிறிதானால் முழுவதும் போச்சு. கழிப்பறை அவசரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரிதாக வாங்கவே கூடாதவை காலிலும் தலையிலும் இருக்கின்றன. சறுக்கு பூட்ஸின் அளவு எண் பாதத்தின் நீளத்தையே செ.மீ.யில் சொல்கிறது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெளிக்கூட்டில் காலை விட்டு, விரலை முன்னால் முட்டவைத்தால் குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை இரண்டு செ.மீ. இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கால் உள்ளே ஆடும், பலகை சொன்ன பேச்சு கேட்காது. பெரிய பூட்ஸை நிரப்ப இரண்டு சாக்ஸ் போடுவது வழக்கமான தவறு: ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் குளிரும். பூட்ஸையும் பலகையையும் பருவ வாடகைக்கு எடுப்பதே அங்கே பல வீடுகளின் வழக்கம், சரியான வழக்கமும்கூட. தலை வேறு மாதிரி. ஆறு வயதுக்குள்ளேயே அதன் சுற்றளவு பெரியவர் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. பின்னால் திருகு வைத்த தலைக்கவசம் இன்றைக்குச் சரியாகப் பொருந்தினால், அடிபடாதவரை பல குளிர்காலம் உழைக்கும். பட்டியலில் மனம் கோணாமல் புதிதாக வாங்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

நீளத்தை ஒளித்துவைத்துத் தைக்கும் உத்தியும் உண்டு. சுவீடனின் டிட்ரிக்சன்ஸ், அமெரிக்காவின் கொலம்பியா, ஆஸ்பன் நகரில் 1947இல் தொடங்கிய ஓபர்மேயர் ஆகிய நிறுவனங்கள் குழந்தைகள் உடையில் இதைச் செய்கின்றன. ஜாக்கெட்டின் கையை உட்புறமாகத் திருப்பினால் உள்துணியில் குறுக்கே ஒரு மடிப்பும், அதைப் பிடித்திருக்கும் வேறு நிறத் தையலும் தெரியும். கத்தரி முனையால் அந்த நூலை வெட்டி இழுத்தால் மடிப்பு அவிழ்ந்து கை சில செ.மீ. நீளும், பேன்டின் காலிலும் அப்படியே. பட்டுப் பாவாடையின் அடியில் டக் பிடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுகிற அதே தையல்காரர் புத்திதான். குறையும் அதேதான்: நீளம் கூடும், தோளும் மார்பும் கூடாது. ஒல்லியாக உயரும் பிள்ளைக்கு இது இரண்டு வருஷத்தை வாங்கித் தரும். பக்கவாட்டிலும் வளரும் பிள்ளைக்கு நூலை வெட்டும் முன்பே ஜிப் மூடாது. வெட்டியதைத் தங்கைக்குக் கொடுக்கும்போது மறுபடி மடித்துத் தைக்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

பெரும்பாலான குடும்பங்களைக் காப்பாற்றுவது பழைய உடைதான். இலையுதிர் காலத்தில் சுவிஸ் ஊர்களின் சமூகக்கூடங்களில் பிள்ளைகள் உடைச் சந்தை கூடும். சிறிதாகிப்போனதை விலைச்சீட்டு கட்டி ஒப்படைத்தால் சங்கத்தார் விற்று, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அங்கே கிடைக்கும் ஜாக்கெட்டின் உள்பட்டியில் மையால் எழுதி அடித்த இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. இந்த உடைகள் தேய்வதற்குள் சிறிதாகிவிடுகிறவை. பார்க்க வேண்டியது வேறு. உள்பக்கம் திருப்பித் தையல்களின் மேல் ஒட்டிய பட்டை உரிந்திருக்கிறதா, பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊறினால் அது அவ்வளவு பெரிய குறை அல்ல. நீர்விலக்கும் மேற்பூச்சைத் துவைப்புத் திரவம் போட்டுப் புதுப்பிக்கலாம். துணி மென்மையாக்கி மட்டும் படக்கூடாது. மிகப் பழைய உடையானால் கழுத்தில் இழுகயிறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்காவது மாட்டிக்கொள்ளும் என்பதால் இன்றைய ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுக்குட்பட்டவர்களின் கழுத்திலும் தலைமூடியிலும் அதை அனுமதிப்பதில்லை. நிறத்தையும் யோசிக்க வேண்டும். அக்காவின் ஊதாப்பூ ஜாக்கெட்டைத் தம்பி முகாமுக்குப் போட்டுப் போக மாட்டான். சிவப்போ மஞ்சளோ பச்சையோ என்றால் அடுத்த பிள்ளைக்கும் இறங்கி வரும், பனியில் தூரத்திலிருந்தும் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துப்போகும் காலம் ஒன்று வரும். பெண்களுக்குப் பதினொன்று பன்னிரண்டிலும் ஆண்களுக்குப் பதின்மூன்று பதினான்கிலும் வளர்ச்சி துள்ளி எழும். உச்ச வருஷத்தில் 8 முதல் 10 செ.மீ. வரை ஏறும். முதலில் கையும் பாதமும், அப்புறம் கால், கடைசியாகத்தான் உடல். அதனால் அக்டோபரில் ஜாக்கெட் சரியாக இருக்கும்போதே கையுறை போதாமல் போகும், பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அந்த ஒன்றிரண்டு வருஷம் எதையும் முன்கூட்டி வாங்காமல், முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு அளந்து இரவல் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ நல்லது. குழந்தைகள் அளவு 164இலோ 176இலோ முடிந்து, பெரியவர்களின் எஸ் அளவு தொடங்குகிறது. விலையும் அங்கே ஒரு படி ஏறும். அம்மாவின் ஜாக்கெட் மகளுக்குப் பொருந்தத் தொடங்கிய வீட்டில் ஒன்றே போதும், இருவரும் ஒரே வாரத்தில் மலைக்குப் போகாதவரை.