தகரத்தின் கனம்

என்னிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருந்தது. 1984 மாடல், இரண்டாவது கையாக வாங்கியது. எங்கள் புதுச்சேரியில் கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு ஆசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கால்மிதி காய்வதற்குள் அடியில் துரு பிடித்துவிடும். ஒருநாள் முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்த என் மனைவி, "இங்கிருந்து ரோடு தெரியுதுங்க" என்றாள். ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டே நாளில் கருப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். விலையும் குறைவு. எனக்கு மகா சந்தோஷம்.

1998 மே மாதம், குடும்பத்தோடு திண்டிவனம் போகும் வழியில் பின்சக்கரம் பஞ்சர். மனைவியையும் மகளையும் இறக்கிப் புளியமர நிழலில் நிற்க வைத்துவிட்டு, கதவுக்குக் கீழே ஜாக்கி போட்டுச் சுற்றினேன். ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஸ்டெப்னியை எடுக்கப் பின்னால் போனேன். அப்போது நொறுக்கென்று ஒரு சத்தம். ஜாக்கி கதவடிப் பெட்டியைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு இது நடந்திருந்தால் என் கை டிரம்முக்கு அடியில் இருந்திருக்கும். ஒரு லாரி டிரைவர் தன் ஜாக்கியைப் பின் ஆக்ஸிலுக்கு அடியில் பலகை வைத்துக் கொடுத்து எங்களை அனுப்பி வைத்தார்.

ஊர் திரும்பி, வேறொரு டிங்கர் பட்டறைக்குப் போனேன். வயதான பாய் ஒருவர் நடத்தினார். ஸ்குரூ டிரைவரால் குத்தினார், கருப்பு பெயின்ட்டோடு பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. அடியில் காகிதம் போல ஒரு ஜி.ஐ. தகரம், ரிவெட் அடித்து ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் பழைய துரு அப்படியே இருந்தது.

"பாய், இந்தத் தடவை நல்லா கனமான தகடா போடுங்க. எல்லா இடத்துலயும் பதினாறு கேஜ்" என்றேன். பயந்தவன் பேச்சு அது.

கேஜ் கணக்கே எனக்கு அப்போதுதான் பழகியிருந்தது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் வாத்தியார் கையில் எப்போதும் இருபது சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கும். மில்லிமீட்டர் தப்பினால் அதே ஸ்கேலால் விரல் முட்டியில் விழும். எண் கூடினால் கனம் கூட வேண்டும், அதுதான் எங்கள் நியாயம். இங்கிலீஷ்காரன் கேஜில் எல்லாம் தலைகீழ். கம்பியை எத்தனை தடவை துளை வழியாக இழுத்தார்களோ அதை வைத்து வந்த எண் என்பார்கள். அதனால் எண் கூடக்கூடத் தகரம் மெலியும். 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7.

பாய் வாதம் பண்ணவில்லை. 16 கேஜில் ஒரு துண்டு, 22 கேஜில் ஒரு துண்டு எடுத்து கேஸ் வெல்டிங் வைத்தார். கனமானது சிவப்பதற்குள் மெல்லியது உருகி ஓட்டையாகிவிட்டது. எப்படியோ ஒட்டி, ஆறவைத்து, வைஸில் மாட்டி நாலு தடவை வளைத்தார். வெல்டிங் பிரியவில்லை. அதற்குப் பக்கத்திலேயே மெல்லிய தகரம் கிழிந்துவிட்டது.

"ஒட்டு நிக்கும் சார். ஒட்டிக்கிட்டது நிக்காது. வண்டி ஓடும்போது வளையும். கனமா போட்டா வளையிறதெல்லாம் ஓரத்துக்கு வந்துடும். பழைய தகரம் என்ன கனமோ அதே கனம் போடணும்."

மறுநாள் அப்பாவின் பெட்டியிலிருந்த வெர்னியர் காலிப்பரைக் கொண்டுபோனேன். துருப்பிடித்த ஓரத்தில் வைத்து அளந்தேன். பாய் சிரித்தார். துரு பாதியைத் தின்றிருக்கும், பெயின்ட் கொஞ்சம் கூட்டிக் காட்டும், இரண்டுமே பொய்க்கணக்கு என்றார். சீட்டுக்கு அடியில் துரு அண்டாத ஓர் இடத்தைச் சுரண்டிக் காட்டினார். அங்கே 0.9. ஆகவே தரைக்கு 20 கேஜ். வண்டியின் பாரத்தைத் தாங்கும் கதவடிப் பெட்டியில் அளவு 1.2, அங்கே 18. நான் ஆசைப்பட்ட 16 கேஜும் கிடைத்தது, ஜாக்கி உட்காரும் இடத்தில் உள்பக்கமாக உள்ளங்கை அகலம் மட்டும். பியட்டுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். தகரத்துக்கு பிரெஞ்சில் 'தோல்' என்று பெயர். இந்த வண்டிக்குத் தோலும் எலும்பும் ஒன்றே.

நல்ல இரும்பு வரும்வரை வெட்டினார்கள். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வெட்டினார்கள், வயிறு கலங்கியது. ஜி.ஐ. வேண்டாம், சுட்டால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும் என்று சி.ஆர். ஷீட் வாங்கச் சொன்னார். ஒரே மூச்சில் சுடாமல் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வைத்தார், சூட்டில் தகரம் நெளியாமல் இருக்க. கடைசியில் ரெட் ஆக்ஸைடு. தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காமல் விட்டார். முன்பு பெயின்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடைத்திருந்தார்களாம்.

ஆறு நாள் ஆயிற்று, செலவும் முன்னதைப்போல மூன்று பங்கு. 2009-இல் வண்டியைக் கொடுக்கும்வரை அந்த ஒட்டுகள் அசையவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒட்டுப்போடுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை கேஜ்? எதுவரை வெட்டுவீர்கள்? முதல் கேள்விக்கு "ஸ்ட்ராங்கா போடறோம் சார்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் மனைவி மட்டும், பாய் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு டயர் மாற்றினாலும் இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் நிற்பாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை.